குந்த வெச்ச இரும்பு

போன சிம்போசியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. மெக்கானிக்கல் பிளாக் வாசலில் பழைய இரும்பில் செய்த காளை ஒன்று நின்றுகொண்டிருந்தது. பதினோரு மணி வாக்கில் ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருவன் அதன் முதுகில் கை போட்டு செல்ஃபி எடுத்தான். 'டிங்' என்று ஒரு சத்தம். முன்னங்கால் தனி, காளை தனி. அவன் மேல் தப்பே இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், அதற்கப்புறம் ஒரு மாசம் என்னை எங்கே பார்த்தாலும் வேறு வழியாகப் போனான்.

அந்தக் காளையைச் செய்தது நான். கால் ஒடிந்ததும் என்னால்தான். எதனால் ஒடிந்தது என்பது எனக்குப் புரிய மூன்று மாசம் ஆனது. புரிய வைத்தது எட்டாவது வரை படித்த என் பெரியப்பா.

நான் ஓவியக் கல்லூரியில் படிக்கவில்லை. ஆசை இருந்தது. ப்ளஸ் டூ முடித்ததும் சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி என்று வீட்டில் பேச்செடுத்துப் பார்த்தேன். அந்தப் பேச்சு எப்படி முடிந்திருக்கும் என்று இந்த இதழை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சீட்டு இங்கே, சிற்பம் வீட்டுக் கொல்லையில் என்று ஆகிவிட்டது.

முதலில் களிமண். கவுன்சலிங்குக்குக் காத்திருந்த அந்தக் கோடையில் எங்கள் ஊர் ஏரி வற்றிக் கிடந்தது. ரெண்டு சட்டி மண் எடுத்து வந்து அம்மாயியின் தலையைச் செய்தேன். செய்தேன் என்றால், களிமண்ணை தேங்காய் அளவுக்கு உருட்டி, வெளியே மூக்கும் காதும் ஒட்டினேன். மூணு நாள் வெயிலில் காயவைத்து, சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டினேன். பத்தே நிமிஷம். தீபாவளி. "என்ற தலை வெடிச்சுப் போச்சாக்கு" என்று அம்மாயி தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தது.

நம் பக்கத்து அம்மன் கோயில்களில் நேர்ந்துகொண்டு வைக்கிற மண் உருவாரங்களைப் பார்த்திருப்பீங்க. குதிரை, மாடு, குழந்தை. அடுத்த முறை பார்க்கும்போது வயிற்றுப் பக்கம் குனிந்து பாருங்க. உள்ளே பொள்ளல். எங்கேயாவது ஒரு துளை இருக்கும். மண்ணோடு மணலோ உமியோ கலந்திருப்பார்கள். கனமான மண் உருண்டைக்குள் தங்கிவிட்ட ஈரம் நூறு டிகிரியில் ஆவியாகி வெளியேற வழி தேடும். வழி இல்லையென்றால் அதுவே வழி செய்துகொள்ளும். குதிரை செய்கிறவர் தெர்மோடைனமிக்ஸ் எழுதிப் பாஸ் ஆனவர் இல்லை. ஆனால் அவர் குதிரை வெடிப்பதில்லை.

அடுத்தது சிமெண்ட். இதற்கு ஒரு ஆள் காரணம்: ராம்கிங்கர் பைஜ். பெயர் கேள்விப்படாதவர்கள் 'சாந்தால் குடும்பம்' என்று தேடிப் பாருங்க. 1938இல் சாந்திநிகேதனில் அவர் செய்தது. ஓர் ஆண், ஒரு பெண், குழந்தை, கூடவே ஒரு நாய், கையில் இருக்கிற கொஞ்சம் சாமானோடு ஊர் விட்டு ஊர் நடக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல். வெண்கலத்தில் வார்க்க வசதி கிடையாது. கம்பியில் எலும்புக்கூடு மாதிரிக் கட்டி, அந்த ஊரிலேயே கிடைக்கிற செம்பூராங்கல் சரளையை சிமெண்டோடு கலந்து அப்பி எழுப்பினார். மேல்பூச்சு பூசி மறைக்கவில்லை. சொரசொரப்பு அப்படியே தெரியும். அதைப் போட்டோவில் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிலை என்றால் வழுவழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் கம்பிவலைக்கா பஞ்சம்? கோழிப்பண்ணையில் கழித்துப் போட்ட கூண்டு வலையை எடைக்கு வாங்கி வந்தேன். எட்டு எம்எம் கம்பியில் ஒரு நாய். சித்திரை வெயிலில், மதியம் ஒரு மணிக்கு, அதன் மேல் சிமெண்ட் அப்பினேன். வயிற்றுப் பக்கம் அப்பியதெல்லாம் தொப்பென்று கீழே விழுந்தது. முதுகில் நின்றது சாயங்காலத்துக்குள் வெடிப்பு விட்டது. சிமெண்ட் 'காய்வதில்லை', தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது, அதனால் ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது தண்ணி விட வேண்டும் என்பது சிவில் பசங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களிடம் நான் கேட்கவில்லை. அந்த நாய் இன்னும் எங்கள் கொல்லையில் இருக்கிறது. அம்மா அதன் மேல் மாப்பு காயப்போடுகிறார்.

அப்புறம்தான் இரும்புக்கு வந்தேன். வராமல் எப்படி? நாமக்கல்லுக்குள் எந்த ரோட்டில் நுழைந்தாலும் மொட்டை சேஸிஸ் மேல் பாடி கட்டுகிற பட்டறை கண்ணில் படும். என் பெரியப்பா பட்டறை அதில் ஒன்று, சின்னது. நான் நடை பழகினதே அங்கேதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அங்கே நடப்பதற்கும் நான் போட்டோவில் பார்த்து ஏங்குகிற சிற்பத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதாக எனக்குத் தோன்றியதே இல்லை. சிற்பம் சென்னையில் இருந்தது. வங்காளத்தில் இருந்தது. பட்டறையில் இருந்தது வேலை.

இதை உடைத்தது ஹூலியோ கொன்சாலஸ் பற்றிப் படித்த ஒரு பக்கம். பார்சிலோனாவில் உலோக நகை, அலங்கார வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். 1918இல் பாரிஸ் பக்கத்தில் ரெனோ கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 1928இல், பிக்காசோவுக்கு இரும்பில் ஏதோ செய்ய ஆசை வந்தது. பற்றவைக்கத் தெரியாது. கொன்சாலஸைத்தான் கூப்பிட்டார். அமெரிக்காவின் டேவிட் ஸ்மித்தும் அப்படித்தான், படிக்கிற வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு ஸ்டுடிபேக்கர் கார் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதாவது இருபதாம் நூற்றாண்டின் இரும்புச் சிற்பம் கார் பட்டறை வழியாகத்தான் ஓவியக் கல்லூரிக்குள் நுழைந்திருக்கிறது. நான் எதிர்த் திசையில் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவ்வளவு படித்த பிறகும் நான் செய்தது என்ன? காளை. ஸ்பார்க் பிளக்கில் மயில், செயினில் குதிரை, பேரிங்கில் கண் வைத்த ஆந்தை என்று யூட்யூப்பில் ஆயிரம் இருக்குமே, அதில் ஆயிரத்து ஒன்றாவது. கைதட்டு கிடைத்தது. கால் ஒடியாமல் இருந்திருந்தால் இன்னொரு மயில் செய்திருப்பேன்.

ஒடிந்த காலைப் பெரியப்பா பட்டறைக்கு எடுத்துப்போனேன். அவர் வெல்டிங்கைப் பார்க்கவில்லை, முறிந்த வாயைப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெல்டிங் ஒடையல கண்ணு. வெல்டிங்குக்குப் பக்கத்துல ஒடஞ்சிருக்கு. இது எந்த இரும்பு?"

"ஸ்பிரிங் பட்டைங் பெரியப்பா. லாரி ஸ்பிரிங்."

"சூடு காட்டுனயா?"

"இல்லீங்."

"சுடச்சுட இருக்கற கண்ணாடி டம்ளர்ல பச்சத் தண்ணி ஊத்துனா என்னாகும்?"

அவ்வளவுதான் சொன்னார். மீதி எனக்கே தெரிந்திருக்க வேண்டும். சாதா மைல்டு ஸ்டீலில் கார்பன் கால் சதவீதத்துக்கும் கீழே. லாரி ஸ்பிரிங் இரும்பில் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல். குளிர்ந்த பட்டையில் நேராக ராடை வைத்து இழுத்தால், பற்றுக்குப் பக்கத்தில் சிவந்த இடம் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் சட்டென்று அணைந்து மார்ட்டன்சைட் ஆகிவிடும். கல் மாதிரி கெட்டி, பிஸ்கட் மாதிரி ஒடியும். நானே இதைத்தான் செமஸ்டரில் கோடு கிழித்து, வளைவு வரைந்து, பதிமூன்று மார்க் வாங்கியிருந்தேன்! பட்டையை முதலில் இருநூறு இருநூற்றைம்பது டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும், ஈரமில்லாத 7018 ராடு போட வேண்டும், முடித்ததும் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். பெரியப்பா தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் தெளிப்பார். துளி உருண்டு ஓடுகிற விதத்தில் அவருக்குக் கணக்கு.

இடையில் ஒரு எச்சரிக்கை, இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நீங்க ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் சரி. ஜிஐ தகட்டை, பைப்பை, மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சைச் சாணை பிடித்து எடுக்காமல் வெல்டு வைக்காதீங்க. புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். எனக்கு வந்தது. மலேரியா என்று நினைத்து ஊசி போடப் போனேன்.

காளையை ஒட்டித் தரட்டுமா என்று பெரியப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே தெளிவில்லை. அன்று முழுக்க அவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வர் அவர். 1959இல் வைத்தார்கள். நாலு பேர் பாறையைத் தள்ளுகிறார்கள், நரம்பெல்லாம் புடைத்து. நல்ல சிலைதான், குறை சொல்ல நான் யார். ஆனால் எங்கள் பட்டறையில் யாரும் அப்படி நிற்பதில்லை. பாதி நாள் குந்தவெச்சுத்தான். சேஸிஸுக்குக் கீழே, சைடு பட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு கையில் ஷீல்டு, ஒரு கையில் ஹோல்டர். நம் ஊரில் உழைப்பு என்றால் அந்த உட்காரல்தான். பூ கட்டுகிறவர், களை எடுக்கிறவர், செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றுவைக்கிறவர், எல்லாரும் தரையோடுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். மற்றவர்கள் குந்தியிருந்தார்கள். பெரியப்பா பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டி போய்விட்டது. எப்போதிலிருந்து ஸ்டூல் என்று பெரியம்மாவைக் கேட்டேன். "அது ஆச்சு நாலு வருசம்" என்றார். நாலு வருசமாக நான் பார்க்கவில்லை.

குந்தியிருக்கிற ஒரு ஆளைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

காளையை நான் ஒரே ஒரு பக்கவாட்டுப் போட்டோவைப் பார்த்துச் செய்திருந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் அது வெறும் தகரக் குவியல். இந்த முறை அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று ரெண்டு இடத்துக்குப் போய் வந்தேன். ஒன்று தாரமங்கலம். கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயிலில் எல்லாரும் சிங்கத்தின் வாயில் உருளுகிற கல் உருண்டையைத்தான் பார்ப்பார்கள். நீங்க ராமர் தூணைப் பாருங்க. ராமர் மறைந்து நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் சண்டையிடும் வாலி தெரிவான். வாலி இருக்கிற தூணிலிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார். பார்க்கிறவர் எங்கே நிற்பார் என்பதையும் சேர்த்து ஒருத்தர் செதுக்கியிருக்கிறார்.

இன்னொன்று நம் நாமக்கல் குடைவரை. பள்ளிக்கூட நாளிலிருந்து போகிற இடம். வெளியே பதினெட்டு அடி ஆஞ்சநேயருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவோம். நரசிம்மர் சன்னதிக்குள் சுவரைப் பார்த்ததில்லை. எட்டாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். இரணியன் மடியில் குறுக்கே கிடக்கிறான், பக்கத்தில் திரிவிக்ரமன் காலைத் தூக்கி உலகளக்கிறான். எல்லாமே அந்த ஒரே மலையிலிருந்து எடுக்க எடுக்க வந்தவை. ஒட்டியது ஒன்றுமில்லை. ஒரு விரல் போனால் போனதுதான், மலையை மாற்ற முடியாது. நான் வெல்டிங் செய்கிறவன் வீட்டுப் பிள்ளை. தப்பானால் கட்டிங் வீலில் அறுத்துவிட்டு மறுபடி டேக் அடிக்கலாம். அந்த வசதி எவ்வளவு பெரியது என்று அந்த இருட்டுக்குள் நின்றபோதுதான் தோன்றியது. எவ்வளவு சோம்பேறித்தனத்துக்கு அது இடம் கொடுக்கிறது என்பதும்.

ஆளின் முதுகுக்கு ஸ்பிரிங் பட்டையே போட்டேன். அந்த வளைவை நான் எங்கே போய் வளைப்பது? சூடு காட்டி, சாம்பலில் புதைத்து, இந்த முறை ஒழுங்காக. கால்களுக்கு சி-சேனல் துண்டுகள். தோள்பட்டைக்குத் தகடு. தட்டையான தகடு ஆடும், லேசாக மடித்துப் புடைக்க வைத்தால் விறைத்து நிற்கும், லாரி சைடில் வரி வரியாகப் புடைப்பு வைப்பது அதற்குத்தான். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டில் செய்த சிற்பங்களைப் பாருங்க, சாமிக்குக் கவசம் அடிக்கிற வேலையை எடுத்துத் தன் வேலையாக்கிக்கொண்டார். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலை கிராமத்தில் அவர் மகன் நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் பற்றவைத்துச் செய்த உருவங்களும் அங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஈசிஆர் பக்கம் போனால் நிறுத்திப் பாருங்க, கடற்கரைக்கு மட்டும் போய்விட்டு வராதீங்க.

முகம் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் பொம்மை. கடைசியில் அறுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு பழைய கை ஷீல்டை வைத்தேன். வேலை நேரத்தில் அவர் முகம் யாருக்குத் தெரியும்?

ஒரு சாயங்காலம் பெரியப்பா வந்து சுற்றிப் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. கையால் முட்டியை அமுக்கி ஆட்டிப் பார்த்தார். பிறகு, "குதிகால் தூக்கியிருக்கு கண்ணு. நான் குதிகால ஊனித்தான் உக்காருவேன். குதிகால் தூக்குனா மத்தியானத்துக்குள்ள தொடை கடுத்துரும்" என்றார். காட்டுவதற்காக உட்காரப் போனார். பாதி வரைக்கும் போனார். சேஸிஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். நான் கை கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் ராடு கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "பாத்துக்க, இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ரெண்டு குதிகாலையும் அறுத்துத் தரையோடு வைத்தேன். ஆள் பின்னால் சாய்ந்து விழுந்தான். நிமிர்த்தி வைத்தேன், மறுபடி விழுந்தான். பாதத்துக்குப் பின்னால் எடை போகிறது, கணக்குப் போடாமலே தெரிந்தது. பேஸ் பிளேட்டில் பற்றவைத்துவிடு என்று தம்பி சொன்னான். சுலபம்தான். ஆனால் பெரியப்பாவை யாரும் தரையில் பற்றவைக்கவில்லையே. ரெண்டு நாள் யோசித்தேன். நீங்களே இப்போ எழுந்து குதிகால் ஊன்றிக் குந்திப் பாருங்க. கை தானாக முன்னால் நீளும். நான் இன்னும் வலது கையை வைக்கவில்லை. கையைப் பற்றவைத்து, அதில் ஒரு பழைய ஹோல்டரும் அரைத் துண்டு ராடும் கொடுத்தேன். ஆள் நின்றான். ஹோல்டரை எடுத்துவிட்டால் மெதுவாகப் பின்னால் சாய்கிறான். கொடுத்தால் நிற்கிறான். எடையைப் பார்த்து வைத்தது இல்லை இது, நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. எனக்கு அவன் அப்படியே துருப்பிடிக்க வேண்டும். முதல் மழையில் ஆரஞ்சாகி, அப்புறம் காபிக்கொட்டை நிறத்துக்கு வரும், அது அவனுக்குத் தோல் மாதிரி இருக்கும் என்று பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் பட்டறையிலிருந்து ப்ரைமர் அடிக்காமல் ஒரு வண்டிகூட வெளியே போனதில்லை. துரு என்றால் அவருக்கு வேலை செய்தவனின் அலட்சியம். "என்னைய வேணா என்னமோ பண்ணிக்க. துருவோட வெளிய அனுப்பாத" என்றார்.

குட்டியானையில் ஏற்றி வந்து மெக்கானிக்கல் ஷெட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் வைத்திருக்கிறேன். பின்பக்கமிருந்து வந்து பாருங்க, முதுகுதான் நன்றாக வந்திருக்கிறது. தயவுசெய்து ஹோல்டரைப் பிடுங்காதீங்க. காலடியில் ஒரு லிட்டர் ரெட் ஆக்சைடு டப்பா இருக்கும், ஏற்றும்போது பெரியப்பா வண்டியில் வைத்துவிட்டது. இன்னும் திறக்கவில்லை. ஐப்பசி மழைக்குப் பதினைந்து நாள் இருக்கிறது.